நீ பத்திரிகை வைக்கச் சொன்ன வீடு

ஏய்யா,

முந்தாநாள் நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கட் பண்ணிவிட்டேன். டவர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். டவர் நன்றாகத்தான் இருந்தது. உன் கல்யாணப் பத்திரிகையை அருப்புக்கோட்டை சீனிவாசனுக்கும் வைக்க வேண்டும், அதை நானே நேரில் போய் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தால் கல்யாணச் சமயத்தில் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்றுதான் போனை அமுக்கினேன். அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் 'சரிப்பா, சரிப்பா' என்று என்னைப் பேச விடமாட்டாய். அதனால் உன் அக்காவை உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன். நான் கைநாட்டு. நான் 'போறேன்' என்பதை அவள் 'போகிறேன்' என்று எழுதுகிறாள். வாசித்துக் காட்டினால் யாரோ ஆபீசர் பேசுகிற மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். படித்துவிட்டுச் சரி என்று பட்டால் இதை நீ நடத்துகிற போன் குரூப்பிலும் போடு, சீனிவாசனிடமும் காதரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. வெளி ஆட்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையும் முதலில் இருந்து சொல்கிறேன்.

அந்தக் குரூப்பை நீ தொடங்கியது கண்மாய்க்காக. கோயம்புத்தூரில் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, நம் ஊரில் மழை என்றால் கண்மாயில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் தவித்தாய். பரளச்சிப் பக்கத்து ஆட்கள், நரிக்குடிப் பக்கத்து ஆட்கள், டவுனில் குடியிருந்துகொண்டு இங்கே வயல் வைத்திருக்கிறவர்கள், அரபு நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆடு காணவில்லை என்றால் அதில் சொன்னார்கள். ஒரு வீட்டில் சாவு, கேதம் என்றாலும் அதில் சொன்னார்கள். நரிக்குடி காதர் மட்டும் தண்ணீர் அளவு கேட்கமாட்டான். அவன் அத்தா நம் ஊருக்கு ஆடு பிடிக்க வந்த காலத்தில் இருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். மழை பெய்கிற சத்தத்தை அனுப்புங்க மாமா என்று அங்கிருந்து கேட்பான். நான் போனை ஓட்டுச்சாய்ப்புக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போன் நனைகிறது என்று உன் அம்மா ஏசுவாள். மணல் காட்டில் லாரிக்குள் உட்கார்ந்து அவன் அதைக் கேட்பான் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

அப்படி இருந்த குரூப்பில் தமிழால் சண்டை வந்தது என்று உன் அக்கா சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. காதர் தமிழைத்தான் எழுதுகிறான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறான் என்றாள். அரபு நாட்டுக்குப் போன புதிதில் வாங்கிய போனில் விரல் அப்படிப் பழகிவிட்டதாம். சீனிவாசன் தறி ஓட்டுகிறவர், நம் கண்மாய்க்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது, தமிழ் என்றால் உயிர். தமிழ் எழுத்தில் எழுத முடியாதவர்கள் வெளியேறலாம் என்று அவர் போட்டார். உன் அக்கா எனக்கு எல்லாவற்றையும் வாசித்துத்தான் காட்டுவாள். வாசித்துக் கேட்கிற எனக்குக் காதர் எழுதியதும் சீனிவாசன் எழுதியதும் ஒரே தமிழாகத்தான் கேட்டது. கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு வேலி தெரிந்திருக்கிறது. சம்பாதிக்கப் போன இடத்தில் தாயை மறந்தவர்கள் என்று சீனிவாசன் அடுத்ததாக எழுதினார். காதருக்குத் தாய் இறந்தபோது லீவு கிடைக்கவில்லை என்பது குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். அதனால் காதருக்காகப் பேச வந்தவர்களுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டுக்குள்ளே தெலுங்கு பேசுகிறவர் எங்களுக்குத் தமிழ் சொல்லித் தர வேண்டாம் என்று அவர்களில் ஒருவன் எழுதினான். உங்கள் அம்மாவுக்குத் தமிழ் வருமா என்றும் கேட்டுவிட்டான். காதர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் உன்னிடம் வந்தார்கள். அவரைத் தூக்கு என்று இவர்கள், இவர்களைத் தூக்கு என்று அவர். நீ இரண்டு பேச்சையும் அழித்தாய், ஆளை மட்டும் ஒருவரையும் தூக்கவில்லை. அந்தக் கோபத்தில் சீனிவாசன் உன் போட்டோவை எடுத்து, அதன் மேல் பெரிதாக எழுதி, ஊர் உலகமெல்லாம் பார்க்கிற மாதிரி வெளியே போட்டுவிட்டார். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை உன் அக்காவும் அம்மாவும் உன்னிடம் சொல்லவில்லை. நான்தான் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

பரளச்சி டீக்கடையில்தான் அந்தப் படத்தை முதலில் பார்த்தேன். கடைக்காரன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் மறைத்தான். எட்டிப் பார்த்தால் உன் முகம். மேலே சிவப்பிலும் மஞ்சளிலும் கொட்டை எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஒங்க மகன் படந்தான் மாமா," என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. சிவப்பும் மஞ்சளுமாக எழுத்துப் போட்டு முகத்தைப் போட்டால் அது பாராட்டு என்றுதான் எனக்குத் தெரியும். நம் பக்கம் சுவரில் அப்படி ஒட்டுவதெல்லாம் பிறந்தநாளுக்கும் பூப்புனிதத்துக்கும்தானே. குரூப்பை ஒழுங்காக நடத்துகிறான் என்று யாரோ என் மகனைப் பாராட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் போனுக்கு அனுப்புப்பா என்று கேட்டு வாங்கினேன். அவன் தயங்கியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நம் ஊருக்கு வர அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறியவன் சும்மா வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் போனை நீட்டி, என் மகன், கோயம்புத்தூரில் இருக்கிறான் என்றேன். அவர் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நல்லது என்றார். முன் சீட்டில் கூடை வைத்திருந்த பொம்பளையிடம் காட்டினேன். அந்தம்மா போனை வாங்கி, வாசித்து, சேலைத் தலைப்பால் அந்தக் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துத் திருப்பிக் கொடுத்தது. கண்டக்டரிடமும் காட்டினேன். அவரும் வாசித்தார். பிறகு, "மகன் லெச்சணமா இருக்காரு பெரியவரே. போனை உள்ள வச்சுக்கங்க, கூட்டமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் நீட்டினால் அவள் முகம் செத்துவிட்டது. வாசிக்கமாட்டேன் என்றாள். உன் அம்மா அதட்டியதால் வாசித்தாள். துரோகி என்று எழுதியிருந்தது. கீழே முகம் தெரியாத ஆட்கள் எழுதியிருந்ததை அவள் பாதியோடு நிறுத்திக்கொண்டாள், அதில் உன் அம்மாவையும் இழுத்திருந்தார்கள். நம் கண்மாயைக் கண்ணால் பார்க்காதவர்கள், மழை பெய்தால் எங்கே நிற்கும் என்று தெரியாதவர்கள். அன்றைக்குப் பஸ்ஸில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதை வாசித்திருக்கிறார்கள். வாசித்துவிட்டு, எழுத்துத் தெரியாத கிழவன் மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு என் கையில் சீனிவாசன் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய்? குரூப்பில், "படத்துல என் மூக்கு கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு, மத்தபடி சரிதான்," என்று எழுதினாய். காதர் அங்கே சிரித்தான், பரளச்சியில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்குப் போன் போட்டு, அவனை இன்றைக்கே குரூப்பை விட்டுத் தூக்கு என்று கத்தினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாய்.

"அவர தூக்கிட்டா அவரு வயலுக்குத் தண்ணிச் சேதி யாருப்பா சொல்லுவா?"

போனை வைத்தேன். ரோஷமில்லாத பிள்ளையைப் பெற்றுவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அப்படிச் சொன்னேன் என்பதையும் தெரிந்துகொள்.

பிறகுதான் நீ அந்த மாட்டு வேலையைச் செய்தாய். என் அய்யா, உன் தாத்தாவைப் பற்றி எப்போதோ சிரிப்புக்காக உன்னிடம் சொன்ன கதை அது. என் அய்யாவுக்கும் மேற்குக் காட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோனது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. முறை வைத்து மாட்டைப் பூட்டிக் கமலை கட்டித்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். தன் முறை முடிந்ததும் அய்யா தன் செவலை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "ஏலே செவலை, கெணறு சும்மாத்தான் கெடக்கு, எறைக்கிறவுக எறைக்கலாம்," என்று மேற்கே கேட்கிற மாதிரி சொல்வார். மேற்குக் காட்டுக்காரர் பதில் சொல்லமாட்டார், மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். நம் ஆடு அவர் கொல்லையில் மேய்ந்தால், அவர் தன் மாட்டிடம் அதைப் பற்றி நீளமாகக் குறைபட்டுக்கொள்வார். நாங்கள் ஓடிப்போய் ஆட்டைப் பிடிப்போம். கடைசிவரைக்கும் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் சேதியையும் சாவுச் சேதியையும் ஒருவருக்கொருவர் மறைத்ததும் இல்லை. நம் பக்கத்தில் பேச்சு இல்லாத வீடுகள் நிறைய உண்டு, எல்லா வீட்டிலும் இப்படி ஒரு மாடும் இருந்தது.

நீ குரூப்பில் என்ன எழுதினாய் என்று உன் அக்கா வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சீனிவாசன் அண்ணனும் காதர் அண்ணனும் பேசிக்கொள்ள வேண்டாம், ஒருவர் எழுதியதற்கு ஒருவர் பதில் போட வேண்டாம், கோபம் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், சேதி இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், இனிமேல் இந்தக் குரூப்புக்கு நான்தான் மாடு என்று எழுதியிருந்தாய். ரெண்டு பேரையும் கை குலுக்கச் சொல்லவில்லை, யார் சரி என்று பஞ்சாயத்துப் பண்ணவில்லை. படித்த பையன், கம்பெனியில் இங்கிலீஷில் பேசுகிறவன், தன்னை மாடு என்று சொல்லிக்கொண்டு நடுவில் வந்து நின்றாய். என் அய்யாவுக்கு அந்த மாடு வாயில்லாமல் நின்றது. நீ வாய் இருந்தும் நின்றாய். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

அந்த ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தபோது, மடைக்குப் பக்கத்தில் கரை கசிவதைக் காதரின் தம்பி பார்த்தான். கரை உடைந்தால் முதலில் முழுகுவது சீனிவாசனின் வயல். தம்பி அண்ணனுக்குச் சொல்ல, காதர் அரபு நாட்டில் இருந்து பேசி அனுப்பினான். இந்த முறை எழுதவில்லை, எழுத்தால் ஒரு வம்பு வேண்டாம் என்று வாயால் சொன்னான். "மாடே, தறிக்காரர்ட்ட சொல்லு, மடையடியில கசியுது, சாக்கோட வரச் சொல்லு." அடுத்த பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் லோடு ஆட்டோவில் சாக்கோடு சீனிவாசன் வந்து இறங்கினார். காதரின் தம்பியும் அவரும் ஒரே மூட்டையை ஆளுக்கொரு பக்கம் தூக்கியதைக் கரையில் நின்று நான் பார்த்தேன். வாய் பேசவில்லை. கரை நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் சீனிவாசன் குரூப்பில், நல்ல தமிழில், மாடே, பார்த்தாயிற்று என்று உரியவரிடம் சொல்லிவிடு என்று எழுதினார். சில நாள் கழித்து அந்தப் படத்தையும் எடுத்துவிட்டார். எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும் என் மனசு இறங்கவில்லை, அதுதான் உண்மை. வயல் விஷயம் வேறு, என் மகன் முகத்தில் எழுதியது வேறு என்று வைத்துக்கொண்டேன். நீ பத்திரிகை பற்றிச் சொல்லி நான் போனைக் கட் பண்ணியதும் உன் அம்மாவிடம் போய், போகவே மாட்டேன், பஸ்ஸில் எத்தனை பேர் முன்னால் என் மானம் போனது என்று சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"பஸ்ல கொண்டுபோய்க் காமிச்சது நீங்க. அவுகளா காமிக்கச் சொன்னாக?"

அதோடு விடவில்லை. நீங்கள் போகாவிட்டால் வீங்கின காலோடு நான் போகிறேன் என்றாள். உன் அக்கா உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது எழுதும்போதும் சிரிக்கிறாள்.

நேற்றுக் காலையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் பையில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன். சீனிவாசன் வீட்டுத் தெருவில் தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. வாசலில் என்னைக் கண்டதும் தறியை நிறுத்தச் சொன்னார். உள்ளே இருந்து அவருடைய அம்மா, வயதானவர்கள், மெதுவாக வந்து அவரிடம் ஏதோ தெலுங்கில் சொன்னார்கள். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். தமிழிலேயே, சரிம்மா, நீங்க உள்ள போங்க என்றார். அம்மாவுக்குத் தமிழ் வருமா என்று எங்கள் ஆள் ஒருவன் குரூப்பில் கேட்டதால்தான் இந்த மனிதன் சொந்தத் தாயை என் முன்னால் உள்ளே அனுப்புகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் உனக்குப் பட்ட அடியை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்ன சொல்றாக என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"சாப்பிட்டுத்தான் போகணுமாம்."

சாப்பிடுகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. தட்டு போட்டார்கள். அந்தம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் கேட்பார்கள், நான் தமிழில் சொல்வேன். ரெண்டு மூணு தடவை சீனிவாசன் நடுவில் சொன்னார், அப்புறம் தேவைப்படவில்லை. கை கழுவிவிட்டு வந்து தாம்பாளத்தை நீட்டினேன். அவர் எழுந்து நின்று ரெண்டு கையாலும் வாங்கினார். படத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காதரும் லீவில் கல்யாணத்துக்கு வருகிறான் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், மண்டபத்தில் போய்த் திடுக்கிட வேண்டாம் பார்.

"வரட்டும். பந்தியில மட்டும் பக்கத்துல பக்கத்துல போட்டுராதீக," என்றார். அதற்கு மேல் நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். நான் சொல்ல ஒன்று இருக்கிறது, அது என் அனுபவம். வெளியே எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் மாடாக இரு. உன் வீட்டுக்குள் மாட்டைக் கட்டாதே. உன் அம்மாவோடு முறைத்துக்கொண்ட நாட்களில் உன் அக்காவைக் கூப்பிட்டு, உங்கம்மாட்ட சோறு போடச் சொல்லு என்று அவள் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். எழுதுகிறவள் இந்த இடத்தில் தலையை ஆட்டுகிறாள். உன் பொண்டாட்டியிடம் கோபம் என்றால் நேரே அவளிடம் சொல். போனில் எழுதி அனுப்பாதே, எழுத்தில் முகம் தெரியாது. குரூப்பில் உன்னைத் திட்டுகிறவன் இன்னும் வருவான். உனக்கு அலுத்துவிட்டது, கல்யாணத்துக்கு அப்புறம் விலகிவிடலாம் என்று இருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னாயாம். விலகினால் நான் குறை சொல்லமாட்டேன். நீ பட்டது போதும். ஆனால் நேற்றுச் சீனிவாசன் வீட்டில் நான் பார்த்ததையும் தெரிந்துகொண்டு முடிவு பண்ணு.

தாம்பாளத்தை வாங்கியதும் அவர் பத்திரிகையைப் பிரித்து, அவருடைய அம்மாவுக்காகச் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து, அதையே தெலுங்கில் சொன்னார், என்னை வைத்துக்கொண்டே, கூச்சமில்லாமல். உன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, நீ யார் என்று அந்தம்மாவுக்கு விளக்கினார். எனக்கு அதில் உன் பெயரும் கண்மாயும் மட்டும்தான் விளங்கியது. நல்லபடியாகத்தான் சொன்னார், அந்தம்மாவின் முகத்தில் தெரிந்தது. பிறகு அந்தம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். சீனிவாசன் சிரித்துக்கொண்டே, கல்யாணத்துக்கு அம்மாவும் வாராகளாம், ஒங்க பக்கம் வர்ற திருச்சுழி பஸ்ல ஒக்கார எடம் கெடைக்குமான்னு கேக்குறாக என்றார்.

நாங்கள் வண்டி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதனால் அருப்புக்கோட்டைக்கு ஒரு வேனுக்குச் சொல்லிவிடு. அந்தம்மாவுக்கு முட்டி மடங்காது, படி உயரமில்லாத வண்டியாகப் பார்த்து, முன் சீட்டை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்.

உன் அப்பா